தவசி வீட்டை ஏலத்தில் எடுத்த பூமயில்

வங்கி ஏலத்துக்கு வந்த வீட்டை எங்கள் ஊரில் யாரும் எடுக்க மாட்டார்கள். இழந்தவர் வயிற்றெரிச்சல் எடுத்தவரைச் சும்மா விடாது என்பார்கள். கேட்க நல்ல மனசு மாதிரித்தான் இருக்கும். அந்த நல்ல மனசின் வண்டவாளத்தைப் பூமயில் அக்காதான் தண்டவாளத்தில் ஏற்றினாள்.

பூமயில் அக்கா குத்தகைக் காட்டில் குண்டு மிளகாய் போடுகிறவள். எங்கள் வயல்களில் களையெடுத்த குடும்பம்; அவர்கள் கைத் தண்ணீரை எங்கள் தெருவில் யாரும் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவது என் சொந்தக்காரர்களுக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும். நான் நயினார்கோவில் பஸ் ஸ்டாப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ஒருநாள் காட்டிலிருந்து நேராக அங்கே வந்து நின்றாள்.

"முருகு, தவசி அய்யா வீடு ஏலத்துக்கு வந்திருக்காம்ல. அத நான் எடுக்கணும்."

நான் முருகலட்சுமி. தவசி எனக்குப் பெரியப்பா முறை. போர் போடக் கடன் வாங்கி, தண்ணீர் உப்பாகி, கடனைக் கட்டாமலே செத்துப்போனவர். ஏலம் இரண்டு முறை நடந்தும் ஒருவரும் கேட்கவில்லை. அவர் தம்பி தங்கப்பாண்டி டீக்கடையில் உட்கார்ந்து, "அண்ணன் வீட்டுல ஒருத்தன் கை வச்சிருவானா?" என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, யோசிச்சுத்தான் பேசுறியா? பேங்குக்காரன் உள்ளத உள்ளபடி விப்பான். கரண்டு பாக்கி, வீட்டு வரி, எல்லாம் உன் தலையில வந்து விழும். இதுல தெருக்காரங்க வேற."

"எங்க குடிச இருக்கிறது ரோட்டுப் பொறம்போக்கு. அகலப்படுத்தப் போறோம், காலி பண்ணுன்னு சொல்லிட்டாக. கையில பணத்த வச்சுக்கிட்டு மூணு வருசமா இந்த ஊர்ல மனை கேக்குறேன். உங்க ஆளுக யாராச்சும் குடுத்தாகளா? பேங்கு ஒண்ணுதான் முருகு நான் யாருன்னு கேக்கல."

எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டரில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். வங்கிக் கடனைத் தவிர வேறு வில்லங்கம் இல்லை. வங்கிக்குப் போன் போட்டு, வீட்டைக் காலி செய்து சாவியைக் கையில் கொடுப்பார்களா என்று கேட்டேன். கொடுப்போம் என்றார்கள். அத்தோடு விடாமல் அக்கா இன்னொன்று கேட்கச் சொன்னாள்: கடன் போக மிச்சப் பணம் யாருக்கு? வீட்டுக்காரருக்கு, அவர் இல்லையென்றால் வாரிசுக்கு என்றார்கள்.

"அப்ப வா, போவோம்" என்றாள்.

"எங்க?"

"ராமலெட்சுமியம்மாவப் பாக்க."

ஏலத்துக்கு வந்த வீட்டுப் பக்கம் எங்கள் ஊரில் யாரும் தலைகாட்ட மாட்டார்கள். அதையும் மரியாதை என்பார்கள். தவசியின் மனைவி ராமலெட்சுமி அந்த மரியாதைக்குள் தனியாகக் கிடந்தாள். அக்கா வாசல் கதவைத் தட்டி, வந்த விஷயத்தைச் சொன்னதும் அவள் சீறினாள்.

"எழவு விழுந்த வீட்டுக்கு வெல பேச வந்தியாடி?"

"வெலய பேங்குக்காரன் பேசிட்டாம்மா. வீட்டுல என்ன கொறன்னு கேக்க வந்தேன். தெரியாம வாங்கிட்டு நாளைக்கு உங்கள வையக் கூடாதுல்ல."

இப்படி ஒரு கேள்வியை ராமலெட்சுமி எதிர்பார்க்கவில்லை. கோபத்திலேயே குறைகளைக் கொட்டினாள். சிக்கனம் பார்த்து உப்புத் தண்ணீரில் கலவை போட்டது, மொட்டைமாடிக் கம்பியெல்லாம் துருப்பிடித்தது, அடுப்படியில் காரை பெயர்ந்து விழுவது. அக்கா ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். மாடித் தளத்தை இடித்துத்தான் போடவேண்டும் என்று கணக்குப் பண்ணிக்கொண்டாள்.

நான் மிச்சப் பணத்தைப் பற்றிச் சொன்னேன். ராமலெட்சுமி நம்பவில்லை.

"யாரும் எடுக்கலேன்னா வீடு நமக்கே நின்னுரும்னு தங்கப்பாண்டி சொன்னாரே?"

"நிக்காது பெரியம்மா. கேக்க ஆளில்லாம ரெண்டு தடவ வெலய எறக்கிட்டாங்க. இன்னொரு தடவ எறங்குனா கடனுக்கே சரியாப் போயிரும். உங்க கைக்கு ஒத்தப் பைசா வராது."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "போன வாரம் அவருதான் டேப்ப வச்சுக் கொல்லைய அளந்தாரு. எதுக்குன்னு கேட்டேன். சும்மான்னாரு" என்றாள்.

ராமலெட்சுமி எழுந்து, பூட்டிக் கிடந்த பின்னறையையும் திறந்து அக்காவுக்குக் காட்டினாள்.

அக்கா ஏலத்துக்கு முன்பணம் கட்டினாள். அதைக் கட்டும் கடைசி நாள் கழிந்த பிறகுதான் தங்கப்பாண்டி காதுக்குச் செய்தி போயிருக்கிறது. ஏலம் ஆன்லைனில்தான்; நானும் அக்காவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே என் கடைக்குள் வந்து நின்றார்.

"ஏ முருகு, அத நிப்பாட்டு. நம்ம தெருவுல அவ குடியேறவா?"

"சிஸ்டம் தெருவக் கேக்கல சித்தப்பா. முன்பணம் கட்டியிருக்கான்னுதான் கேக்குது. நீங்க கட்டிருக்கீங்களா?"

கட்டவில்லை. ஊர் வழக்கம் காவல் நிற்கும், இன்னும் ஒருமுறை விலை இறங்கட்டும், அடிமாட்டு விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்த மனுஷன். அவர் கண் முன்னாலேயே அக்கா என் தோளைத் தட்டி, "அமுக்கு" என்றாள். அமுக்கினேன். எதிர்த்துக் கேட்க ஆளே இல்லை. வீடு அவள் பேருக்கு முடிந்தது.

ராமலெட்சுமி மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு திருப்புல்லாணியில் தன் கூடப்பிறந்த தம்பி வீட்டுப் பக்கமே ஒரு வீடு பிடித்துப் போய்விட்டாள். பால் காய்ச்சும் அன்று அக்காவின் ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். தெருக்காரர்களில் நான் மட்டும்தான். மற்றவர்கள் அவரவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தங்கப்பாண்டி நடுத்தெருவுக்கே வந்து குரலை உயர்த்தினார்.

"ஒரு பொம்பள அழுதுட்டுப் போன வீடு. இதுல பால் பொங்குனா வெளங்குமா? வயித்தெரிச்சல் சும்மா விடுமா?"

அடுப்படியில் அக்கா பாலை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். அத்தனை வீம்புக்காரிக்கும் அந்தச் சொல் மட்டும் உள்ளே போய்த் தைத்தது. அந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ராமலெட்சுமி இறங்கினாள்.

"தம்பி, என் வயித்தெரிச்சல ஒங்களுக்கு யாரு குத்தகைக்கு விட்டது?"

ஆட்டோவுக்குக் காசைக் கொடுத்துவிட்டு மறுபடி அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு எரியத்தான் செய்யுது. இல்லங்கல. ஆனா அது இவ மேல இல்ல. யாரு மேலன்னு இந்தத் தெருவுல சொல்லணுமா?"

ராமலெட்சுமி படியேறி வந்தாள். அக்கா ஓடிப்போய்ப் பால் டம்ளரை நீட்டினாள்.

"இந்த வீட்டுப் பாலு இன்னைக்கு எனக்குத் தொண்டையில எறங்காதும்மா. தண்ணி குடு."

அக்கா செம்பில் கொண்டுவந்தாள். ராமலெட்சுமி அதைக் கைநீட்டி வாங்கி, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று, வாய் வைத்துக் குடித்தாள்.