மணப்பெண் அமுக்கிய ஷட்டர்

பேசாலையில் எந்தக் கலியாண அல்பத்தைப் புரட்டினாலும் படம் எடுத்தவள் சுவேதினிதான். ஒன்றிலும் அவள் இல்லை. தன் கலியாணத்திலாவது படத்துக்குள் இருக்கவேண்டும், அதையும் தானே எடுக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதுவும் மன்னாரில் மூடிப்போன ஸ்ரூடியோவில் வாங்கிய பழைய மரப்பெட்டிக் கமராவில்! அதன் பித்தளை லென்ஸுக்கு ஷட்டரே கிடையாது. அந்தக் காலத்தில் மூடியைக் கையால் கழற்றி மாட்டியே காலம் தள்ளியிருக்கிறார்கள்.

மூடியைக் கழற்ற ஆள் கமராவுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். அப்படியானால் அவள் மறுபடியும் படத்துக்கு வெளியே. வேறொரு லென்ஸின் ஷட்டரைப் பொருத்திப் பார்த்தாள். இந்தப் பித்தளைக் குண்டனுக்கு அதன் வாய் காணாது. படத்தின் நாலு மூலையும் கறுத்தது. கடைசியில் காற்றில் வேலைசெய்யும் ஷட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்தாள். நீளக் குழாய், நுனியில் றப்பர் குமிழ். அமுக்கினால் திறக்கும், விட்டால் காற்றை இழுத்து மூடும். பூச்செண்டுக்குள் ஒளித்துவைக்கலாம்!

பார்சல் வந்த அன்று அவள் துள்ளிய துள்ளலைப் பார்த்து, படகு எஞ்சின் திருத்தும் மாப்பிள்ளை நிறோஜன் கேட்டான்: "நீர் என்னைக் கட்டப்போறீரோ, ஷட்டரைக் கட்டப்போறீரோ?"

பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் சொந்தபந்தமெல்லாம் வரிசையில் நிற்க, ஷட்டரின் பழைய குமிழ் படாரென்று கிழிந்தது. சுவேதினிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதேயும், இந்தா வாறன்." நிறோஜன் கோட்டுச் சூட்டோடு கடற்கரைக்கு ஓடி, தன் படகில் எஞ்சினுக்கு எண்ணெய் ஏற்றும் றப்பர் குமிழைக் கழற்றிக்கொண்டு வந்தான். பூச்செண்டு மண்ணெண்ணெய் மணத்தது. சாப்பாடு ஆறுகிறது என்று அவன் தாய் மக்டலின் முறைத்ததில் ஒருவரும் அந்தக் குமிழைச் சோதித்துப் பார்க்கவில்லை.

"ஒருத்தரும் ஆடாதேங்கோ!" சுவேதினி அமுக்கினாள். டக்கென்று திறந்தது. விட்டாள். சத்தமே இல்லை.

"மூடேல்ல," என்றாள் உதடு அசையாமல்.

இருந்ததே ஒரு பிலிம். இன்னும் கொஞ்சம் விட்டால் வெளிச்சம் அதைத் தின்றுவிடும்.

நிறோஜனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "ஐயோ, அதுக்குள்ள வால்வு! எண்ணெய் திரும்பி வராமல் வைச்சது. காத்தும் வராது!" என்று கத்தியபடி கோட்டைக் கழற்றிக்கொண்டு லென்ஸை மூடப் பாய்ந்தான். வரிசை முழுக்கக் குலுங்கிச் சிரித்தது. மக்டலினே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சுவேதினிக்கும் சிரிப்பு தொண்டைவரை முட்டியது. ஆனால் லென்ஸ் திறந்திருக்கும்போது அசைகிற பழக்கம் அவளுக்கில்லை. அவன் கோட்டால் அதை மூடும்வரை சிலைபோல நின்றாள்.

படத்தில் ஊரே மூட்டம். நடுவில் சுவேதினி மட்டும் அவ்வளவு துல்லியம். பக்கத்தில் பாதி மாப்பிள்ளை, அங்கிருந்து கமராவரை ஒரு புகை.

போனில் நூறு படம் கிடந்தாலும் சுவரில் தொங்குவது இதுதான். மாப்பிள்ளை எங்கே என்று கேட்பவர்களுக்கு நிறோஜன் புகையைத் தொட்டுக் காட்டுவான்.

"இந்தா, ஓடுறன். இவ படத்துக்குள்ள இருக்கோணுமெண்டுதானே ஓடினனான்."