திரை விழாத ஞாயிறு

"அந்த ஜன்னலை யாரு திறந்தது? என் தொண்டையைக் கொன்னுட்டுத்தான் மறுவேலைன்னு முடிவு பண்ணிட்டீங்களா எல்லாரும்?"

வீட்டில், பேருந்தில், ஒப்பனை அறையில், பெற்ற மகளின் கல்யாணத்தில்கூட ஊசி இதைக் கேட்டிருக்கிறாள். ஒருமுறை லிஃப்டில் நின்றுகொண்டு கேட்டாள். அங்கே ஜன்னலே கிடையாது. நாடகக் கம்பெனியில் அந்த வரி எல்லோருக்கும் மனப்பாடம். தையல்காரர் அதை மூக்கால் சொல்வார். டிரம்ஸ்காரர் தாளம் போட்டுச் சொல்வார். மேனேஜர் சொன்னால் மட்டும் யாருக்கும் சிரிப்பு வராது. சம்பளம் கொடுக்கிறவர் செய்யும் மிமிக்ரிக்கு வேறு மாதிரிதான் சிரிக்க வேண்டும்.

ஊசி என்பது கம்பெனி வைத்த பெயர். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்காரன் காதில் போய்க் குத்தும் குரல். பதினேழு வயதில் அவள் அங்கே சேர்ந்தது பாடுவதற்கு அல்ல, ஆறாக இருப்பதற்கு. மேடையில் நீளமான நீலத் துணியை விரித்து, அடியில் நான்கு பெண்கள் குனிந்து உட்கார்ந்து ஆட்டுவார்கள். அதுதான் ஆறு. துணிக்கு அடியில் பொழுது போகாமல் அவளும் கூடவே பாட, டைரக்டர் ஒத்திகையை நிறுத்திக் கத்தினார்.

"யாருய்யா அது? ஆறு பாடுது! ஆத்துக்குப் பாட்டு கிடையாது!"

அடுத்த மாதம் ஆறு எழுந்து நின்று கோரஸில் சேர்ந்தது. ஏழு வருஷம் கழித்து அதே நாடகத்தில் கதாநாயகியாகிக் கரைக்கு வந்தது.

படகுக்காரனின் மனைவி வேஷம். புருஷன் ஆற்றைக் கடந்து போகிறான், திரும்பி வரவில்லை. கடைசிக் காட்சியில் அவள் கரையில் நின்று அவனைக் கூப்பிடும் பாட்டு. மூன்று சரணமும் படிப்படியாக ஏறும். முடிவில் ஒரே ஒரு கூப்பாடு, எட்டு எண்ணும் வரை நிற்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் அதற்கு 'உச்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். திரையை இறக்கும் பெரியவர் உட்காரும் மூலையிலிருந்து மேடை தெரியாது. நடுவில் சுவர். உச்சி காதில் விழுந்ததும் மனசுக்குள் எட்டு எண்ணிக் கயிற்றை விடுவார்.

"நான் இந்த நாடகத்தைப் பார்த்ததே இல்லீங்க. இருபத்தஞ்சு வருஷமாக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பார் புதிதாக வருகிறவர்களிடம்.

கீபோர்டு வாசிப்பவரைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். காதலா என்று கேட்டால், "நான் எந்த இடத்துல மூச்சு வாங்குவேன்னு அந்த மனுஷனுக்கு மட்டும்தான் தெரியும்" என்பாள். அவருடைய அம்மாவுக்கு வேறு அபிப்பிராயம். "என் பையன் கட்டிக்கிட்டது ஒரு தொண்டையை. உடம்பு சும்மா கூட வந்துச்சு."

அந்தத் தொண்டைக்காக அந்த வீட்டில் ஐஸ் கிடையாது, ஊதுவத்தி கிடையாது, மிளகாய் வறுப்பது கிடையாது. யாருக்காவது தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். "நம்ம வீட்டுல சளி பிடிச்சவங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கடிதம் கொடுக்கணும்" என்று மகள் கிண்டல் செய்வாள். ஊசி சிரிக்க மாட்டாள். சிரித்தாலும் தொண்டைக்குக் கெடுதல்.

நாற்பத்தைந்தாவது வயதில், ஒரு காலை, குளியலறையில் உச்சி வரவில்லை.

வாயைத் திறந்தாள். காற்று வந்தது. மறுபடி திறந்தாள். பழைய கதவைத் தள்ளினது போல் ஒரு சத்தம் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள். இது போனால் என்ன மிச்சம்? சமைக்கச் சுமாராகத் தெரியும், தைக்கத் தெரியாது, அழகிலும் அப்படி ஒன்றும் இல்லை. பெயரே ஊசி. முனை போன ஊசியை யார் வைத்துக்கொள்வார்கள்?

அன்றைக்கு ஒருவரிடமும் சொல்லவில்லை. அரங்கத்துக்குப் போகும் வழியெல்லாம் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். மேடையில் உச்சி வந்துவிட்டது. சுலபமாகவே வந்தது. மறுநாளும் வந்தது. அதிலிருந்து அவள் ஒரு விரதம் எடுத்தாள். மேடையைத் தவிர வேறு எங்கும் அந்த இடத்தைத் தொடுவதில்லை. ஒத்திகையில் எல்லாப் பெரிய பாடகர்களும் குரலைச் சேமிக்கப் பாதி வாயில்தான் பாடுவார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. உச்சி வரும்போது கையை மேலே தூக்கிக் காட்டிவிட்டு, "இங்க அது வரும்" என்று சொல்லி நகர்ந்துவிடுவாள்.

ஆறு வருஷம் அப்படிப் போனது. தினம் தினம் மூன்றாவது சரணத்தில் முழங்கால் நடுங்கும். பாவாடை மறைத்துவிடும். "என்னமா உருகி நிக்கிறாங்க!" என்று ஜனங்கள் சொல்வார்கள். உருக்கம் இல்லை. பயம்.

ஒரு சனிக்கிழமை காலை எழுந்த புருஷன், "ஏம்மா, இடது கண்ணுல பாதி கறுப்பா இருக்கு" என்றார். கண்ணுக்குள் விழித்திரை பிய்ந்து கிடந்தது. அன்றைக்கே அறுவை சிகிச்சை. அதற்கு அப்புறம் ஐந்து நாள் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டிய, நடுவில் ஓட்டை போட்ட தலையணையில் முகத்தைப் பதித்து, அவர் தரையோடு பேசிக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் ஞாயிறு, மூன்று மணிக் காட்சி. கீபோர்டுக்குப் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரை மேனேஜர் பிடித்துவிட்டார்.

"டீச்சர்கிட்ட நான் ஒரு நிமிஷம் பேசணும்" என்றார் புருஷன் தரையைப் பார்த்து.

"என்ன பேசணும்? நானே சொல்லிடுறேன்."

"இல்ல... மெஷினைப் பத்தி."

"மெஷினைப் பத்தி என்ன? ஆன் பண்ணத் தெரியாதா அவங்களுக்கு?"

"அதில்லம்மா. நீ போய்க் கொஞ்சம் வெந்நீர் வாங்கிட்டு வாயேன்."

"இந்த நிலைமையில உங்களை விட்டுட்டு நான் எங்க போறது? பேசாமப் படுங்க. அந்த ஜன்னலை வேற யாரோ திறந்து வச்சிருக்காங்க!"

செல்போன் அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் கிளம்பியபோது கைப்பையும் கூடவே கிளம்பியது. அவர் நர்ஸைக் கூப்பிட்டு, "அவசரமா ஒரு போன் பண்ணணும் சிஸ்டர்" என்றார். "நம்பர் சொல்லுங்க" என்றாள் நர்ஸ். யாருடைய நம்பரும் அவருக்கு மனப்பாடம் இல்லை.

டீச்சர் நல்ல மனுஷி. அச்சடித்த இசைத்தாளை நிமிர்த்தி வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கவலையே படாதீங்கம்மா, எழுதியிருக்கிறதை அப்படியே வாசிச்சுடுவேன்" என்றார். அப்படியே வாசித்தார்.

முதல் இரண்டு காட்சியில் எல்லாப் பாட்டும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. புருஷன் ஞாபகம், தூக்கம் இல்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். கடைசிப் பாட்டின் முன்னிசை தொடங்கியதும் ஊசிக்கு உள்ளங்கால் சில்லிட்டது. தெரிந்த வீட்டில் இருட்டில் படியிறங்கும்போது, இல்லாத இடத்தில் ஒரு படி இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. பாட்டு மேலே இருந்தது. முதல் சரணத்தில் நெற்றி வியர்த்தது. இரண்டாவதில், மூச்சு வாங்கும் இடம் வருவதற்குள் மூச்சு தீர்ந்தது. அங்கேதான் அவளுக்குப் புரிந்தது. டீச்சர் உயர்த்தவில்லை. புருஷன்தான் இத்தனை நாளாக இறக்கியிருக்கிறார். மெஷினில் ஒரு பட்டன் உண்டு, ஒரு தடவை அமுக்கினால் பாட்டு முழுக்க அரைக் கட்டை இறங்கும். அணைத்துப் போட்டால் பழைய இடத்துக்குப் போய்விடும். ஆறு வருஷமாக அந்த மனுஷன் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அந்தப் பட்டனை அமுக்கியிருக்கிறார். மேடையில் வந்தது உச்சியே இல்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகு மூன்றாவது சரணம் பாட வேண்டியிருந்தது.

பாட்டை நிறுத்த முடியாது. அறுநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் சலவைக்காரிகளாகக் கோரஸ்காரர்கள் மூட்டையோடு நிற்கிறார்கள். ஒவ்வொரு வரியும் அவளைப் பிடித்து மேலே தள்ளியது. கடைசி வரி முடிந்தது. கை தானாக உயர்ந்தது. வாய் திறந்தது.

காற்று.

சுவருக்குப் பின்னால் திரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் எப்படி விடுவார்? திரை அசையவில்லை. டீச்சருக்கோ இரக்க மனசு. பாவம், தாளம் தவறிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, முந்தின நாலு அடியை மறுபடி வாசித்து அவளுக்கு இடம் எடுத்துக் கொடுத்தார். ஊசி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. கண்ணாடிக்கு மேலாக டீச்சர் புன்னகைத்தார், வாங்க என்று. இந்தத் தடவை சத்தம் வந்தது. அதே குளியலறைச் சத்தம். முன்வரிசையில் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

திரை விழவில்லை. டீச்சர் மூன்றாவது தடவை ஆரம்பித்தார்.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. காலைப் பெயர்த்து ஓடிவிடலாம் என்றால் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அப்போது முதுகுக்குப் பின்னால் உச்சி எழும்பியது. சுத்தமாக, தடங்கலில்லாமல், எட்டு எண்ணும்வரை நின்றது. கயிறு கிறீச்சிட்டுத் திரை இறங்கியது. கைதட்டல் கூரையைத் தூக்கியது.

பாடினவள் வாத்து. நடை அப்படி, அதனால் பெயர். ஊசிக்கு உடம்பு சரியில்லையென்றால் நடிப்பதற்கென்று பதினோரு வருஷமாகக் காத்திருக்கும் மாற்று நடிகை. ஊசிக்குத்தான் உடம்பு சரியில்லாமலே போனதில்லை.

"ஏண்டி பாடின?"

"என்னக்கா பண்றது? திரை விழலியேக்கா. விடிய விடிய நிப்பீங்களா?"

"உனக்குத் தெரியுமா? அவரு இறக்கி வாசிச்சது?"

வாத்து துணிமூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "எல்லாருக்கும் தெரியும்க்கா. நான் வீட்டுல பழைய டேப்பை வச்சுப் பழகறவ. ரெண்டும் ஒத்தே வராது. அண்ணன்தான், 'அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க'ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா வந்து கேட்டுக்கிட்டாரு."

ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் ஊசி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் தன்னைக் கூட்டிப் போகத்தான் யாரோ வந்துவிட்டார்கள் என்று பயந்துபோனார். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையணை ஓட்டைக்கு நேராக அண்ணாந்து பார்த்தாள்.

"எத்தனை தடவை அமுக்கினீங்க?"

அவர் முகம் சிவந்து வீங்கியிருந்தது. "மொதல்ல ஒரு தடவை. ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொண்ணு. இப்ப மூணு."

"எப்படித் தெரிஞ்சுது?"

"அன்னைக்குக் குளியலறை வாசல்ல நான் துண்டோட நின்னுக்கிட்டிருந்தேன். குழாயைத் திறந்துவிட்டா கேக்காதுன்னு நினைச்சியா?"

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ பயந்துடுவேன்னு..."

"இப்ப மட்டும் என்னவாம்? ஆறு வருஷமா ஒவ்வொரு நாளும் உயிர் போயிட்டுப் போயிட்டு வந்துச்சுங்க எனக்கு. நீங்க பக்கத்துலேயே உட்கார்ந்து வாசிச்சுக்கிட்டு இருந்தீங்க."

ஓட்டை வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் மடியில் விழுந்தது. அழுகையோ, கண்ணில் விட்ட மருந்தோ. அவள் கேட்கவில்லை. அவர் தொங்கவிட்டிருந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். எதைச் சொன்னாலும் நல்ல சேதியாகச் சொல்கிறவர். அரங்கத்தின் கூரை ஒழுகியபோது, "நல்ல சேதி, தண்ணிக் கஷ்டம் தீர்ந்துச்சு" என்றவர்.

"நல்ல சேதிம்மா! வெள்ளிக்கிழமையிலேருந்து உங்களுக்கு அம்மா வேஷம். மொதல் காட்சியிலயே செத்துடுவீங்க, மூணரைக்கெல்லாம் வீட்டுக்குப் போயிடலாம். வாத்தையே மெயினாப் போட்டுடலாம்னு எல்லாருமா முடிவு பண்ணிட்டோம். ஜனங்க அந்த உச்சிக்குத்தானேம்மா வர்றாங்க? அது இல்லாம நீங்க அங்க நின்னு என்ன பண்ணுவீங்க?"

ஊசி தரையிலிருந்து எழுந்தாள். முழங்கால் மேடையில் நடுங்கிய மாதிரியே நடுங்கியது. இந்தத் தடவை மறைக்கப் பாவாடையைச் சரிசெய்யவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்து நின்று அவள் சொன்ன பதில், ஒரு எழுத்து குறையாமல் இது:

"வெள்ளிக்கிழமை நான்தான் சார் பாடுறேன். மூணு இல்ல, அஞ்சு தடவை அமுக்கப் போறேன், அதுவும் என் கையால, எல்லாரும் பாக்க. பயம்மா இருக்கா? இருக்கு, இப்பவே கை ஆடுது பாருங்க, ஆடட்டும். திரைக்காரர்கிட்ட சொல்லிடுங்க, காதை வச்சுக்கிட்டு உசரத்துல தேட வேணாம்னு. ஆத்துக்கு அந்தப் பக்கம் போன புருஷனைக் கூப்பிடுறவ கூரை மேல ஏறி நின்னா கூப்பிடுவா? கரையில நின்னு, இருக்கிற குரல்லதான் கூப்பிடுவா. அது காதுல விழலைன்னா அந்தப் படகுக்காரன் அங்கேயே கிடக்கட்டும், நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்!"