ஏகாம்பரத்தின் ஏழாவது மனு

செவ்வாய்க்கிழமை காலை காசிமேட்டிலிருந்து சரோஜா அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். “சார், அவரு போய்ட்டாரு. நீங்க எழுதிக்கினு இருந்த மனு அப்டியே கீது” என்றார். உடனே வருகிறேன் என்றேன்.

அவர் கணவர், விசைப்படகு மெக்கானிக் ஏகாம்பரத்தை உங்களில் பலர் அறிவீர்கள். மகள் செல்வி வெளிநாட்டில் நர்ஸ். விடுமுறைக்கு அவள் ஊர் திரும்பிய பயணிகள் விமானத்தை ஒரு நாட்டின் ராணுவம் ஏவுகணையால் வீழ்த்தியது. அந்நாடு முதலில் மறுத்தது. பிறகு ‘தொழில்நுட்பத் தவறு’ என்று வருத்தம் தெரிவித்தது. தூதர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். இரு அரசுகளின் பேச்சுவார்த்தை முடியும்வரை செல்வியின் இறப்புச் சான்றிதழில் ‘விமான விபத்து’ என்றே இருக்கும் என்றார்கள் நம் அதிகாரிகள். ஏகாம்பரம் அதை வாங்க மறுத்தார்.

துறைமுகத்தில் கடிதப் பிரிவில் இருந்தவன் என்பதால், சான்றிதழைத் திருத்தக் கேட்டு ஆங்கிலத்தில் மனு எழுத என்னிடம் வந்தார். இரண்டாவது மனுவில் நான் தவறு செய்தேன். அரசுகள் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் கடுமையாக எழுதலாமா என்ற பயத்தில் ‘விபத்து’ என்று எழுதிவிட்டு, அவருக்குத் தமிழில் சொல்லும்போது ‘சுட்டு வீழ்த்தப்பட்டது’ என்றேன். அதிகாரி படித்துவிட்டு, “நீங்களே விபத்துன்னுதானே எழுதியிருக்கீங்க?” என்றார். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். மனுவைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார்.

வெளியே டீக்கடையில்தான் பேசினார். “இன்னா சார், மிஸைல் உன் மேலயா வந்துச்சு? நீ இன்னாத்துக்குப் பதுங்குற?” கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். “டீய குடி, ஆறிப்போவுது. வூட்டுக்குப் போய் வேற எழுதலாம்.” பிறகு ஒருமுறைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு மனுவையும் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் கொடுத்து, என் முன்னாலேயே படிக்கச் சொல்வார்.

எஞ்சினைப் பிரித்தால், பழுதின் காரணத்தைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். ‘ஆயில் மாத்தல’ என்றிருந்ததைப் பார்த்த படகுக்காரர், “ஊரே பாக்குது, அழிச்சிடு நைனா” என்றார். “எதுனால நின்னுச்சுன்னு நீ ஒத்துக்கோ. அப்பால ஸ்பேனர எடுக்கிறேன்.” அந்தப் படகு இரண்டு நாள் கரையிலேயே நின்றது.

காரியம் முடிந்த மறுநாள் சரோஜா அம்மாள் பாதியில் நின்ற ஏழாவது மனுவை என்னிடம் நீட்டினார். “கையெழுத்து நான் போடுறேன் சார். நீங்க முடிங்க.”

அவரிடமிருந்து எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். செல்வி எப்படி இறந்தாள் என்பதைப் பூசி மெழுகாமல் ஒரே வரியில் எழுத மட்டும் அவரிடம் கற்றிருக்கிறேன். முந்தைய ஆறு மனுக்களிலும் என் பெயர் வராமல் பார்த்துக்கொண்டேன். இதில், சரோஜா அம்மாள் கையெழுத்துக்குக் கீழே, எழுதியவர் என்று என் பெயரையும் வீட்டு முகவரியையும் சேர்த்தேன்.