எண்ணெய் ஓவியமாக்கிய மலை

அந்த மடிக்கணினி சூடேறினால் அதன்மேல் கையை வைத்துக் குளிர்காயலாம். ஹட்டனில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. படங்களை ஓவியமாக மாற்றும் ஒரு மென்பொருளையும் அவரே அதில் போட்டுத் தந்திருந்தார். அப்போது நான் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்துப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் நானும் தொழிலாளர் லயத்தின் வரிசையில் கடைசி வீட்டில் இருந்தோம். சனி, ஞாயிறு வந்தால் போதும், கணினியோடு உட்கார்ந்துவிடுவேன். ஒரு படத்தை எண்ணெய் ஓவியமாக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினால், அது யோசித்து முடிப்பதற்குள் தேத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டு வரலாம். இப்போது கையிலிருக்கும் தொலைபேசியே அதை ஒரு நொடியில் செய்துவிடுகிறது. ஆனாலும் அந்தக் காத்திருப்பில் இருந்த ஆசை இதில் இல்லை. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

மனிதர்களைப் படமெடுப்பதில் எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. மலை, மேகம், தண்ணீர் இவைதான் என் பைத்தியம். கொத்மலை நீர்த்தேக்கத்தை நீர்வண்ணமாக மாற்றினேன். கஞ்சித் தண்ணீர் மாதிரி வந்தது. பென்சில் கோடாக மாற்றிய தேயிலைச் செடிகள் வாரம் முழுக்கச் சீவாத தலைபோல நின்றன. நானுஓயா ஸ்டேஷன் படத்தில் எப்படியோ பனி விழாமல் போயிருந்தது. அதில் பனியைச் சேர்க்க அரை நாள் பாடுபட்டேன். அம்மா முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சன்னலத் தொறந்தா தானா வருது. இதுக்குப் போயி கரண்ட வீணாக்குறியே" என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. வெளியே எதிர் லயம் தெரியாத அளவுக்குப் பனி.

அந்த வருடம் அம்மாவுக்கு வேலையிலிருந்து ஓய்வு. மாத முடிவில் செக்ரோல் பதிவேட்டில் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே அம்மா கேட்டார்.

"ஏன் புள்ள, என்னைய மலையில வச்சி ஒரு படம் எடுத்துத் தருவியா?"

எனக்கு ஆச்சரியம். அம்மா எதையும் கேட்கிற ஆள் இல்லை.

"ரோட்டுல வர்ற வெள்ளக்காரங்க எத்தன பேரு என்னைய எடுத்துட்டுப் போயிருக்காங்க. எந்த நாட்டுல எந்தச் செவத்துல தொங்குறேனோ. நம்ம வீட்டுல நான் கொழுந்து எடுக்குற மாதிரி ஒண்ணு இருக்கா சொல்லு."

இல்லை. வீட்டில் இருந்த அம்மாவின் படங்கள் எல்லாம் ஸ்டூடியோவில் பட்டுச்சேலையோடு விறைத்து நின்றவை. அத்தனை வருடம் செய்த வேலைக்கு எங்களிடம் ஒரு சாட்சியும் இல்லை. கடைசி நாளில் மலைக்கு வந்து எடுப்பதாகச் சொன்னேன்.

அன்று அம்மா வழக்கம்போல விடிந்ததும், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டார். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு, கேமராவோடு மேல் ரோட்டு வளைவில் போய் நின்றேன். எதிர் மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் செய்திருக்க வேண்டியது, கீழே இறங்கி, அந்த மலைக்கு ஏறி, அம்மாவின் முன்னால் போய் நிற்பது. ஆனால் மேகம் விலகி மலையின் பாதியில் மட்டும் வெயில் விழுந்தது. எனக்குக் கண் அங்கேயே நின்றுவிட்டது. தோட்டத்துத் துரையின் வாகனம் கீழே நிற்கிறது, எப்படிப் போவது என்று ஒரு சாக்கும் கிடைத்தது. நின்ற இடத்திலிருந்தே முழு மலையையும் எடுத்தேன். அந்த ஒன்றுதான் எடுத்தேன், அடுத்த நிமிடம் மழை கொட்டத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்த அம்மா கூடையை இறக்குவதற்கு முன்பே கேட்டார். "எடுத்தியா?"

"எடுத்துட்டேம்மா. பிரேம் போட்டதுக்கப்புறந்தான் நீங்க பாக்கணும்" என்றேன். எனக்கு அப்போது என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது.

இரண்டு வாரம் அந்தப் படத்தோடு குடும்பம் நடத்தினேன். தேய்த்தால் வேண்டாததை அழித்து, சுற்றியிருக்கும் பச்சையைக் கொண்டு மூடிவிடும் ஒரு தூரிகை அந்த மென்பொருளில் இருந்தது. மின்கம்பியை அழித்தேன். தண்ணீர்த் தொட்டியை அழித்தேன். மலையோரம் தெரிந்த எங்கள் லயத்தின் தகரக் கூரையைக்கூட, வெட்கமில்லாமல், அழித்தேன். செடிகளுக்கு நடுவே ஒரு நீலப் பொட்டு உறுத்திக்கொண்டிருந்தது. உரப்பையைக் கண்ட இடத்தில் போடுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சனியன் என்று திட்டிக்கொண்டே ஒரே தேய்ப்பில் அதையும் ஒழித்தேன். பிறகு எண்ணெய் ஓவியம். பெண்கள் எல்லாரும் சிவப்பும் மஞ்சளுமாகத் தீற்றல்களாக மாறினார்கள். அம்மா அதில் எங்கோ இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பழைய படத்தின் மேலேயே, அதே பெயரில் சேமித்தேன். கேமராவிலிருந்ததைப் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்காக ஏற்கெனவே துடைத்தாகிவிட்டது.

ஹட்டன் பஜாரில் பிரேம் போடும் கடைக்காரர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எந்த நாடு டீச்சர்?" என்று கேட்டார். நம்ம தோட்டந்தான் என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை படத்தை மடியிலிருந்து இறக்கவில்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நான் எங்க புள்ள?"

நான் ஒரு சிவப்புத் தீற்றலைக் காட்டினேன்.

"அது மேல் வீட்டு அக்கா. அவ ஆறாவது நெர."

கொழுந்தெடுக்கக் கங்காணி ஒருவருக்குக் கொடுத்த செடி நிரை அவருடையதுதான். எங்கள் மலையில் அந்த வரிசை வருடக்கணக்கில் மாறாது. ஒருத்தி நிரையில் இன்னொருத்தி கை வைத்தால் சண்டை வந்துவிடும். லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததில்லை. படம் எடுத்தபோதும் சரி, தேய்த்தபோதும் சரி, நினைவுக்கே வரவில்லை. அம்மா படத்தில், மழைத் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் விரலை வைத்து எண்ணத் தொடங்கினார்.

"மொத நெர பூசாரி பொண்டாட்டி. ரெண்டாவது எதுத்த வீட்டு மதினி. மூணாவது அவ தங்கச்சி."

நான்காவதில் விரல் நின்றது. அங்கே வெறும் பச்சை.

"தூரத்துல நின்னு எடுத்தாலும் தெரியட்டும்னு புதுசா நீலப் படங்கு கட்டிக்கிட்டுப் போனேனே. விழலையா?"

சேலை நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுவது படங்கு; வேலை முடிந்ததும் அவிழ்த்துக் கூடையில் போட்டுவிடுவார்கள். அம்மா எப்போதும் கட்டுவது பழைய சாக்கு நிறத்தில் இருக்கும். எனக்காகவே புதிதாக வாங்கிக் கட்டியிருக்கிறார். அந்த நொடியில் குனிந்திருக்க வேண்டும். நீலம் மட்டும்தான் வெளியே தெரிந்திருக்கிறது.

"நாந்தாம்மா அழிச்சிட்டேன். உரப்பைன்னு நெனச்சி."

அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரப்பை மாதிரியா இருந்தேன்" என்று சிரித்தார். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனார்.

கணினியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். விற்றவரிடமே தூக்கிக்கொண்டு ஓடினேன். பழைய படம் திரும்பவில்லை. கடைசியில் அம்மாவிடம் கெஞ்சினேன். நாளைக்கே போவோம், அதே இடத்தில் நில்லுங்கள், இந்த முறை கிட்ட வந்து எடுக்கிறேன் என்றேன்.

"அந்த நெரய வேற புள்ளைக்குக் குடுத்தாச்சி. அவ நெரையில போயி நான் எப்புடி நிக்கிறது?" என்றார் அம்மா. அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

அந்தப் படத்தை உடைத்துப் போட்டுவிடலாம் என்றிருந்தேன். அம்மா அதை முன்னறைச் சுவரில் மாட்டச் சொன்னார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டுவார். கான் ஓரத்திலிருந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வருவார். நான்காவது நிரைக்கு வந்ததும் "இது நானு" என்று விரலை வைப்பார். வந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, ஆமாக்கா, தெரியுது என்பார்கள். மகள் அழித்துவிட்டாள் என்று இதுவரை ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. அவர்கள் பார்த்து முடித்துத் திரும்பும்வரை அம்மா அந்த விரலை எடுப்பதுமில்லை.