ஆறாம் கூட்டில் சொறிமுட்டை

பத்து வயதில் எனக்கு மாதம் ஒருமுறையாவது காய்ச்சல் வரும். பெரும்பாலும் சனிக்கிழமையில்தான் வரும். ரொறொன்ரோவில் எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்கள் எல்லாம் சனிக்கிழமையில் நடப்பதுதான் அதற்குக் காரணம். பட்டுப் பாவாடையும், தலை கொள்ளாத பூவும், கன்னத்தைக் கிள்ளும் மாமிமாரும் என் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். அதற்குச் சற்று முன்னர்தான் சுடுதண்ணீர்ப் போத்தலை நெற்றியில் வைத்து எடுத்திருப்பேன்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் வந்தது. பெரியப்பாவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு, மோர்னிங்சைட் பக்கம் ஒரு மண்டபத்தில். அம்மாவும் அப்பாவும் விடிந்த கையோடு புறப்பட்டுவிட்டார்கள். வீட்டில் நானும் சித்தியும் மட்டும்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. மல்வேர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் குடியிருந்தார். கனடாவின் கிழக்குக் கடலில் சால்மன் மீன் வளர்க்கும் ஒரு கம்பனிக்கு வேலை செய்தார். ஆனால் அந்தக் கடலை அவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. கடலில் பெரிய வளையங்கள் மிதக்கும். அவற்றிலிருந்து கீழே வலைக் கூடுகள் தொங்கும். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு கமெரா. சித்தியின் மேசையில் இருந்த திரையில் எட்டுக் கூடுகளும் எட்டுக் கட்டங்களாகத் தெரியும். சித்தி இங்கே ஒரு பொத்தானை அமத்தினால் அங்கே குழாய் வழியே தீன் உருண்டைகள் போய் விழும். மீன்கள் பாய்ந்து பாய்ந்து ஆவலாதியாகச் சாப்பிட்டால் கூட்டிக் கொடுப்பார். உருண்டைகள் கேட்பாரில்லாமல் கீழே போனால் குறைப்பார். வார நாட்களில் கம்பனியின் ரொறொன்ரோ அறையில் இருந்து இதைச் செய்வார். சனி, ஞாயிறுகளில் வீட்டிலிருந்தே செய்ய விட்டிருந்தார்கள்.

"எங்கட வீட்டுப் பிள்ளை சோறு தின்னுதில்லை, உவ கடல் மீனுக்குத் தீத்திறா" என்று அப்பா பகிடி பண்ணுவார். எனக்கோ அந்தத் திரையை விடப் பெரிய திருவிழா கிடையாது. சித்தியின் மேசைக்குப் பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தால் மத்தியானம் வரை அசையமாட்டேன். பச்சைத் தண்ணீரில் வெள்ளி வெள்ளியாக ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். காய்ச்சலுக்கு அதுதான் மருந்து.

பத்து மணி தாண்டியிருக்கும், அம்மா ரெலிபோனில் அலறினார். ஆலாத்தித் தட்டுகள் எல்லாவற்றையும் அடுக்கிய பெட்டி எங்கள் வீட்டு பேஸ்மென்ற் குளிர்ப்பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது. நல்ல நேரம் பதினொன்றேகாலோடு முடிகிறது. அப்பா வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டு நிற்கிறார். கொண்டுவந்து தர வேறு ஆள் இல்லை.

சித்தி திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேலை நேரத்தில் திரையை விட்டு எழும்பக்கூடாது என்பது கம்பனியின் சட்டம். எழும்புவதென்றால் சொல்லி, வேறொருவரிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். ஒரு சாமத்தியவீட்டில் ஆலாத்தி எடுக்க வேண்டிய அவசரத்தை அந்தக் கம்பனி வெள்ளைக்காரருக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

"போக பத்து நிமிஷம், வர பத்து நிமிஷம்" என்றார் சித்தி. "நீ இதில இருந்து பார். மீன் சாப்பிடாமல் தீன் கீழ போகுதெண்டால் உடன எனக்கு ரெலிபோன் அடி. உந்தச் சிவப்புப் பொத்தானை மட்டும் அமத்திப்போடாதை. அமத்தினால் தீன் நிண்டிடும், ஏனெண்டு கேட்டு அங்கயிருந்து கோல் வரும். நான் இல்லையெண்டு தெரிஞ்சால் என்ர வேலை போச்சு, விளங்குதே?"

"ஓம் சித்தி."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடினார். நான் அரிசி மூட்டையை விட்டு இறங்கி முதல் தடவையாக அந்தச் சுழல் கதிரையில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. எட்டுக் கூட்டு மீனும் என் பொறுப்பு.

பதினைந்து நிமிடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஆறாம் கூட்டில் உருண்டைகள் கீழே இறங்கத் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு, பிறகு மழைபோல. மீன்களைக் காணவில்லை. கூர்ந்து பார்த்தேன். எல்லாம் கூட்டின் ஒரு பக்கத்துக்கு ஒதுங்கி, ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கமெராவுக்கு முன்னால் கண்ணாடிபோல் ஏதோ ஒன்று மிதந்து போனது. பின்னால் இன்னொன்று வந்தது. சின்னக் குடை விரிந்து சுருங்குவதுபோல அழகாக இருந்தது. சில நூல் நூலாகப் பிய்ந்துபோய் வந்தன. அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். இதைச் சொல்ல இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சித்திக்கு அடித்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாம் தரம் அடித்தேன். அம்மாவுக்கு அடித்தேன், அவரும் எடுக்கவில்லை. மண்டபத்தில் நாதஸ்வரமும் மேளமும் போட்டு உடைக்கும் நேரத்தில் கைப்பைக்குள் கிடக்கும் ரெலிபோன் யாருக்குக் கேட்கப்போகிறது?

அதற்குள் ஆறாம் கூட்டில் மீன்கள் துடிக்கத் தொடங்கியிருந்தன. சில தலையை உதறின. சில வலையில் போய் முட்டின. பசி அடங்காத சில, உருண்டை விழுகிற இடத்துக்கு மேலே வந்து, அந்தக் கண்ணாடிக் குடைகளுக்குள் அகப்பட்டுச் சுழன்றன. சத்தம் இல்லாத படம் என்பதால் அது இன்னும் பயங்கரமாக இருந்தது. பேஸ்மென்றில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆறாம் கூட்டின் சிவப்புப் பொத்தான் அந்தக் கட்டத்தின் மூலையில் இருந்தது. அமத்தினால் சித்தியின் வேலை போகும். அமத்தாவிட்டால் மீன்கள் தொடர்ந்து மேலே வரும். மூன்றாம் தரம் அடித்தேன். நான்காம் தரம் அடித்தேன். விரலைப் பொத்தானுக்குக் கிட்டக் கொண்டுபோவேன், எடுப்பேன். பிள்ளையாரே, சித்தியைக் கொண்டுவந்து விட்டால் இனிக் காய்ச்சல் என்றே சொல்லமாட்டேன் என்று நேர்ந்தேன். பிள்ளையாரும் சாமத்தியவீட்டுக்குப் போயிருக்கவேண்டும். ஏழாம் தரமும் சித்தி எடுக்கவில்லை. ஒரு மீன் கமெராவுக்கு நேரே வந்து, வாயைத் திறந்தபடி, மெல்லப் பக்கவாட்டில் சரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அமத்திவிட்டேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேசையில் இருந்த கம்பனி ரெலிபோன் அடித்தது.

படகில் நிற்கும் மேற்பார்வையாளர். அவருடைய குரலுக்குப் பின்னால் எப்போதும் கடற்பறவைகள் கத்தும். சித்தி எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். வோஷ்ரூமில் என்றேன். அவர் சிரித்தார். ஆறாம் கூட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டார். மீன் சாப்பிடவில்லை, கண்ணாடிமாதிரி ஏதோ வருகிறது என்றேன். சிரிப்பு நின்றது.

எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம். இருபத்தைந்து நிமிடமாக ஒருவர் வோஷ்ரூமில் இருக்கமுடியாது என்ற கணக்கு எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு மட்டும்தான் தெரியும். "இப்பதான்" என்றேன்.

நல்லது, கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். சித்தியைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் கதிரையை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

சித்தி வந்தபோது நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஆலாத்தி எடுக்க ஒரு சோடிக்கு ஆள் குறைகிறது என்று அவரையும் பிடித்து நிறுத்திவிட்டார்களாம். ரெலிபோனைக் காரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். படியில் இறங்கி வரும்போதே திரையைப் பார்த்தவர், "ஐயோ, சொறிமுட்டை!" என்று கத்தினார். தொட்ட இடமெல்லாம் எரிந்து தடிக்கவைக்கும் ஜெலிபிஷ் என்ற அந்தக் கடல் உயிருக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. பாய்ந்து வந்து மற்ற ஏழு கூடுகளுக்கும் தீனை நிறுத்தினார்.

"எப்ப தொடங்கினது?"

"இப்பதான் சித்தி. நான் உடன அமத்திட்டன். நீங்கள் வோஷ்ரூமில எண்டு சொன்னனான்."

சித்தி என் தலையைத் தடவினார். இப்போதுதான் தொடங்கியது என்று அந்த மேற்பார்வையாளரிடமும் சொல்லிவிட்டு, ரெலிபோனை எடுத்துவரக் காருக்குப் போனார். திரும்பி வந்தவர் கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டார். கையில் இருந்த ரெலிபோனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏழு தரம் அடிச்சிருக்கிறாய்" என்றார்.

பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

"முதல் கோல் பத்து நாப்பத்திரண்டுக்கு வந்திருக்கு." குரல் உயரவில்லை. என்னை ஏசவும் இல்லை. திரையைப் பார்த்தார். ஏழாம் கூட்டில் மீன்கள் ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கியிருந்தன. எட்டாம் கூட்டில் இன்னும் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சித்தி கம்பனி ரெலிபோனை எடுத்தார்.

"சொல்லாதேங்கோ சித்தி! அவருக்குத் தெரியாது! நான் சொல்லேல்லை!" அவருடைய கையைப் பிடித்துத் தொங்கினேன். அவர் மற்றக் கையால் என்னை விலக்கிவிட்டு, ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, நான் இங்கே இருக்கவில்லை, வீட்டில் இருந்தது ஒரு சின்னப்பிள்ளை, இது தொடங்கி அரை மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது என்று சொன்னார்.

அடுத்த பத்து நிமிடத்தில் திரை மாறியது. ஏழுக்கும் எட்டுக்கும் கீழே இருந்து காற்றுக் குமிழிகள் திரைச்சீலைபோல எழும்பின. வந்துகொண்டிருந்த சொறிமுட்டைகளை அவை மேலே தள்ளி, வெளியே ஒதுக்கின. ஆறாம் கூட்டுக்கு அது பிந்திவிட்டது.

ஆறாம் கூட்டு மீன்கள் அன்றைக்கே சாகவில்லை. அதுதான் எனக்குப் பெரிய குழப்பம். மூன்று நான்கு நாட்களுக்கு அவை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு அசையாமல் நின்றன. ஞாயிற்றுக்கிழமை திரையைப் பார்த்து, ஏன் இப்படி நிற்கின்றன என்று கேட்டேன். "பூ எரிஞ்சுபோச்சு" என்றார் சித்தி. மீன் மூச்சு விடும் செவுளுக்குள் சிவப்பாக இருப்பதைத்தான் பூ என்போம். "கடல்ல நிண்டிருந்தால் ஓடித் தப்பியிருக்குங்கள். நாங்கள்தானே வலைக்குள்ள விட்டு வச்சிருக்கிறம். ஓட எங்க இடமிருக்கு?" பிறகு ஒவ்வொன்றாகக் கீழே போயின. அடுத்த சனிக்கிழமை திரையில் ஆறாம் கட்டம் வெறும் பச்சைத் தண்ணீராக இருந்தது.

எனக்குக் கவலை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கவலையை விடக் கோபம்தான் கூட. எவ்வளவு கெட்டித்தனமாக ஒரு பொய் சொல்லி அவருடைய வேலையைக் காப்பாற்றினேன்! அதைத் தானே போய் உடைத்துவிட்டாரே! அதற்குப் பிறகுதான் கம்பனி சித்தியை வேலையால் நிறுத்துவதாகச் சொல்லி இரண்டு கிழமைத் தவணை கொடுத்தது. அந்த இரண்டு கிழமையும் நான் சித்தியோடு கதைக்கவில்லை. பேஸ்மென்றுக்கு இறங்கவும் இல்லை. அம்மா ஆலாத்திப் பெட்டியை நினைத்து நினைத்து அழுதார். அப்பா பகிடி பண்ணுவதை விட்டுவிட்டார்.

எப்போது தொடங்கியது என்று அந்த மனிதர் கேட்டது சித்தியைப் பிடிப்பதற்கு அல்ல என்பதும், நீரோட்டம் அந்தக் கூட்டத்தை அடுத்த கூடுகளுக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்று அறியத்தான் என்பதும், நான் வளர்ந்து அந்தக் கேள்வியை எனக்குள் பலமுறை திருப்பிக் கேட்ட பிறகே எனக்குப் புரிந்தது.

சித்தியின் கடைசி வேலை நாளும் ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை ஆட்கள் வந்து திரையையும் பெட்டியையும் எடுத்துப் போவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் மேலே அறையில் படுத்திருந்தேன். திடீரென்று கீழே கைதட்டும் சத்தம் கேட்டது. சித்தி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு குரலில் படியடியில் நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை, ஓடி வா! ஏழாம் கூட்டில சாப்பிடத் தொடங்கிட்டுதுகள்! மேல வருகுதுகள், வந்து பாரன்!"

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஏழாம் கூட்டு மீன்கள் ஒரு உருண்டைகூடத் தொட்டிருக்கவில்லை.

"எனக்குக் காய்ச்சல்" என்று கத்தினேன்.

கீழே கதிரை மேசைக்கு உருளும் சத்தம் வந்தது. பிறகு மறுபடியும் சித்தி தனக்குள் சிரிப்பது கேட்டது. வேலை போய்விட்டது என்பது இந்தச் சித்திக்கு இன்னும் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் போர்வையை இழுத்துத் தலையை மூடினேன்.