கொசஸ்தலையில் பாய் விரித்தவன்

திருவள்ளூர்க் கோயிலில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை சம்பத்குமார். 1971இல் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கினான். அவனோடு சேர்ந்தே வேலைக்கு வந்தவன் பூவராகவன். சோழவரத்தில் நெல் பயிரிடும் வீட்டுப் பையன். இருவருக்கும் ஒரே சம்பளம், ஒரே மேஜை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி அதிகாரிகள் கொசஸ்தலை ஆறு கடலை நெருங்கும் இடத்தில் பொழுதுபோக்காகப் பாய்மரப் படகு விடுவார்கள். ஏரியில் நீந்தி வளர்ந்தவன் என்று மேனேஜர் பூவராகவனையும் படகில் ஏற்றிக்கொண்டார். சீக்கிரமே சுக்கானையும் அவன் கையில் கொடுத்துவிட்டார். சம்பத்குமார் கரையில் நின்று பார்ப்பான். மேனேஜர் பூவராகவன் தோளைத் தட்டிச் சிரிக்கும்போதெல்லாம் இவனுக்கு வயிறு எரியும். மறுநாள் கேன்டீனில் பூவராகவன் காற்றின் போக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தயிர்சாதத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

அந்த மார்கழியில் பூவராகவனின் காலெல்லாம் புண் கிளம்பியது.

"சேத்துப்புண்ணுப்பா, ஆறிடும்" என்றான்.

சம்பத்குமாருக்குச் சந்தேகம். ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து சோதித்தான். எந்த ஆலையின் கழிவோ, கால் வைக்கக் கூடாத தண்ணீராக இருந்தது. சொல்லிவிடத்தான் எழுந்தான். அதற்குள் மேனேஜர் உள்ளே வந்து, பொங்கல் போட்டியில் பூவராகவன் தனிப் படகு ஓட்டப்போவதாக அறிவித்தார். சம்பத்குமார் உட்கார்ந்துவிட்டான். நன்றாக அரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

போட்டிக்கு முதல் நாள், எல்லாரும் கூடியிருந்தபோது விஷயத்தைப் போட்டு உடைத்தான். போட்டி நின்றது. "நல்ல வேளை சொன்னே" என்று மேனேஜர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பூவராகவன் கேட்டான்: "ஒனக்கு இது எப்போ தெரியும்?"

சம்பத்குமார் பொய் சொல்லத்தான் நினைத்தான். வாயில் வந்தது வேறு. "மார்கழியிலேயே தெரியும்டா."

"தெரிஞ்சிக்கினே என்னைத் தண்ணியில எறங்க வுட்டியா? ஏன்யா?"

"நீ கப்பு வாங்கிண்டு வரதை என்னால பார்க்க முடியாது."

சோழவரம் பஸ் வந்ததும் பூவராகவன் நொண்டிக்கொண்டே போய் ஏறினான்.

புண் ஆறச் சித்திரை ஆயிற்று. அதுவரை ஒரே மேஜையில் பேச்சில்லை. படகுகளைப் பழவேற்காட்டு ஏரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒருநாள் பூவராகவனே வாயைத் திறந்தான்.

"ஞாயித்துக்கெழம நீயும் வா. அந்தத் தண்ணி எப்டின்னு பாத்துச் சொல்லு."

போனான். பூவராகவன் அவனுக்கு மிதவைச் சட்டையை மாட்டிப் படகில் உட்கார வைத்தான். ஏரி நடுவில் காற்று பாயை நிரப்பியது. தன்னைக் கூப்பிட்டதற்கு நன்றியாக நாலு வார்த்தை சொல்லத்தான் சம்பத்குமார் வந்திருந்தான். ஆனால் சுக்கானில் சாவதானமாகக் கிடந்த அந்தக் கையைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"கொஞ்ச நேரம் நான் பிடிச்சுக்கட்டுமா?"

"அதெல்லாம் தரமாட்டேம்ப்பா" என்றான் பூவராகவன், திரும்பிப் பார்க்காமலே.

அதற்கப்புறம் சம்பத்குமார் படகில் ஏறவில்லை. ஆனால் அவ்வப்போது பூவராகவன் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பான். இவன் அன்றைக்கே சோதித்து, அன்றைக்கே சொல்லிவிடுவான்.