காரை விட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனவர்கள்

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு ஏலம் முடியும். அப்போது மணி இரண்டு. என் புரொபேஷன் அந்த வாரத்தோடு முடிகிறது, நான் இன்னும் ஒரு வண்டிகூட விற்கவில்லை. "இந்த ஏல பிட்டுக்குள்ள ஒரு புக்கிங்காவது வேணும், இல்லன்னா வேற வேலை பாத்துக்கோ லா" என்று மேலாளர் தேவா சொல்லியிருந்தார். நாற்பத்தாறு வயதில் கப்பல் கம்பெனி வேலை போய் கார் ஷோரூமுக்கு வந்தவன் நான். வேறு வேலைக்கு எங்கே போவது?

சேல்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் தெரிந்ததுதான். சிங்கப்பூரில் சி.ஓ.இ. என்ற பத்து வருட உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வண்டி கிடையாது. அது மாதம் இரண்டு முறை ஏலத்தில் வரும், வாடிக்கையாளருக்காக நாம்தான் விலை கேட்டு பிட் போடுவோம். அன்று என் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் புக்கிட் பாத்தோக்கிலிருந்து வந்த அல்போன்ஸ் சாரும் அவர் மனைவி ரீட்டா அக்காவும். சார் ஓய்வு பெற்ற ஆசிரியர். பழைய வண்டிக்குப் பத்து வருடம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அடுத்த ஏலம் வரை தாங்காது.

சாருக்கு ஹைப்ரிட் பிடித்துவிட்டது. பேரம் பேசியது அக்கா. டெஸ்ட் டிரைவிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி."

"பண்ணிட்டேங்க்கா."

"சத்தமே காணோம்?"

"மெதுவா போறப்ப பேட்டரிலதான் ஓடும்க்கா. எஞ்சின் சும்மா இருக்கும்."

"பாதி நேரம் சும்மா இருக்கிற எஞ்சினுக்கு முழு விலையா? ரெண்டாயிரம் வெள்ளி குறைங்க."

எனக்குக் குறைக்க அதிகாரமில்லை. தேவாவும் மாட்டேன் என்றார். அக்கா கைப்பையை எடுத்தார். "வாங்க, போலாம்." மூன்று மணிக்கு இருவரும் வெளியே போனார்கள். அவர்களுடைய கார் எங்கள் வாசலில்தான் நின்றது. அதைத் தாண்டிப் போய், சாலையைக் கடந்து, எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தார்கள்.

நான் எழுந்தேன். தேவா கையைப் பிடித்தார். "பின்னால போகாதே. போனா நாம வீக்னு தெரிஞ்சிடும். கார் இங்கதான இருக்கு, வருவாங்க."

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்து நின்றே விட்டது. அல்போன்ஸ் சார் எழுந்து டிரைவரைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். அக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மணி மூன்று நாற்பது ஆகிவிட்டது. தேவா கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"எவ்வளவு குறைச்சீங்க?" என்றார் அக்கா.

"ஒண்ணும் குறைக்கலக்கா. எனக்கு அந்த பவர் இல்ல. இன்னிக்கு வண்டி விக்கலன்னா எனக்கு வேலை போயிடும். அதான் கூப்பிட வந்தேன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத சொல்ல இவ்வளவு நேரமா? தேக்கா மார்க்கெட்ல மீன்காரர் நான் திரும்பி நாலடி வைக்கிறதுக்குள்ள அக்கான்னு கூப்பிட்டுடுவாரு. நாற்பது நிமிஷம் வெயில்ல உக்கார வச்சிட்டீங்களே!"

"கார் இருக்கேக்கா. அதுலயே உக்காந்திருக்கலாமே?"

"கார்ல ஏறிட்டா நீங்க கூப்பிடுறது எப்படிக் காதுல விழும்?"

டேப்லெட்டை நீட்டினேன். அந்த பெஞ்சிலேயே சார் கையெழுத்துப் போட்டார். "இன்னும் ஒரு பஸ் வந்திருந்தா நான் ஏறியிருப்பேன் தம்பி" என்று காதோரமாகச் சொன்னார். மூன்று ஐம்பத்து நான்குக்கு பிட் உள்ளே போனது. ஏலத்தில் கிடைக்கவும் கிடைத்தது. விலையில் ஒரு வெள்ளிகூடக் குறையவில்லை. மறுவாரக் கூட்டத்தில் தேவா 'பஸ் ஸ்டாப் ஃபாலோ-அப்' என்று ஸ்லைடு போட்டு, தன் யோசனை என்றார். எனக்கு வேலை நிலைத்தது, அதனால் கைதட்டினேன்.

விலையைக் குறைக்க மேலிடத்து அனுமதி வேண்டும். எழுந்து போகிறவரைக் கூப்பிட யார் அனுமதியும் வேண்டாம். இவ்வளவுதான் நான் கற்றது. அக்காவை நாற்பது நிமிடம் காக்க வைத்ததை நினைத்தால் இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.